முழுசாக வந்த பனியன்

இன்றைக்குக் காலையில் உன் பனியனைத் தோண்டி எடுத்தேன். பிள்ளைப்பாக்கம் வயலில், நீ குச்சி நட்டு அடையாளம் வைத்த அதே இடத்தில். முழுசாக வந்தது. துவைத்துப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போகலாம், அப்படி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போன வருஷம் இதே மாதிரி நீ புதைத்த பருத்திப் பனியனை நாம் இருவரும் தோண்டியபோது கழுத்துத் தையல் மட்டும்தான் கையில் வந்தது. எலி தின்றிருக்கும் என்றேன். அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் வரைக்கும் எனக்குப் பாடம் நடந்தது. மண்ணுக்கு உயிர் இருந்தால் பனியனைத் தின்றுவிடுமாம். மண்புழு வைக்கோலைப் பொடியாக்குமாம், பூஞ்சணமும் நுண்ணுயிரும் அதைத் தின்னுமாம், அவற்றைத் தின்ன இன்னும் சின்னப் பூச்சிகளாம். "தின்னதுல நெறைய மூச்சா மேல போயிடும் மச்சான். மிச்சம் அதுங்க செத்த உடம்பு. அதான் களிமண்ணுல கரிச்சத்தா ஒட்டிக்கினு கீது," என்றாய். லைனில் போல்ட் முடுக்குகிறவனுக்கு விஞ்ஞானி நினைப்பு என்று உன்னைக் கிண்டல் செய்தேன்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்தபோது, அறுத்த வயலில் மாடு இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். "வேற எதையும் தொடாத" என்றாய். நான் கேட்டேனா? நம் லைனில் தரையில் ஒரு துணி கிடந்தாலும் சுத்தத்துக்கான மார்க் போய்விடும். அப்படிப் பழகிய கண்ணுக்கு, வயலெல்லாம் வைக்கோல் சிதறிக் கிடந்தது அசிங்கமாகத் தெரிந்தது. நீ வீடு திரும்புவதற்குள் அதைக் கொளுத்தினேன். மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை இரண்டு தடவை ஓட்டினேன். உரக்கடைக்காரன் கொடுத்த குருணைப் பூச்சிமருந்தையும் தூவினேன். நீ பார்த்து அசந்துபோவாய் என்று பெருமையாக நின்றேன்.

நீ திட்டியிருந்தால் தேவலை. ஆட்டோவிலிருந்து இறங்கி ஒரு பிடி மண்ணை மோந்து பார்த்தாய். "ஷாப் ஃப்ளோர் மாதிரி பண்ணி வச்சிகிறியேடா," என்று மட்டும் சொன்னாய். பிறகு போட்டிருந்த பனியனைக் கழற்றி நீயே புதைத்தாய். இரண்டு மாதம் கழித்துத் தோண்டலாம் என்றாய். ஒரு மாதம்கூட நீ இருக்கவில்லை.

பூஞ்சண இழைகளை நான்தான் அறுத்தேன். புழுக்களை நான்தான் கொன்றேன். அவை சேர்த்து வைத்த கரிச்சத்தில் எவ்வளவு காற்றோடு போயிற்றோ தெரியாது. எனக்கு என்மேல்தான் ஆத்திரம்.

லாரி நிறுத்த இடம் தேடுகிறவர்கள் உன் மனைவியிடம் வயலைக் கேட்கிறார்கள். பனியன் மட்கியிருந்தால் பயிர் வைப்பேன், முழுசாக வந்தால் கொடுத்துவிடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். வரப்பில் உட்கார்ந்து அதைக் கிழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். உன் பனியனை வைத்துப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்து, தப்பு என்னுடையது என்றேன். அவள் அதை ரொம்ப நேரம் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே போய் உன்னுடைய இன்னொரு பனியனை எடுத்து வந்தாள்.

"இன்னும் ரெண்டு மாசம் பாக்கலாம்ணே. இத்த பொதைச்சிட்டு, மேல வைக்கோல போட்டு வுட்ரு. வேற எதையும் தொடாத."

புதைத்துவிட்டு வந்தேன். பழைய பனியன் என் டூட்டிப் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. மத்தியானம் லைனில் தரையில் ஒரு துணி கிடந்தது. குனிந்தவன், எடுக்காமல் நின்றுவிட்டேன்.