பத்து மணிக்கு மேல் பெய்கிற மழை

தம்பி,

நேற்று உன் மகள் வந்திருந்தாள். சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற பிள்ளை, லீவு நாளில் காஸ்வே பாலம் தாண்டி, மலேசியாவுக்குள் பஸ் மாறி, சிம்பாங் ரெங்கம் வரைக்கும் எங்களைத் தேடி வந்துவிட்டாள். கையில் ஒரு பனை ஓலைப் பெட்டி. மூடியைத் திறந்ததும் சுக்கு வாசனை முன்னால் வந்தது, பின்னாலேயே கருப்பட்டி வாசனை. அடுப்படியில் நின்ற என் பெண்டாட்டி, உன் மைனி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உடன்குடிப் பிள்ளை யாரு வந்திருக்கிறது?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நீ கண்ணை மூடிய செய்தி போனில் வந்ததிலிருந்தே உன்னிடம் பேச வேண்டும் என்றிருந்தது. நேற்று அவள் கொண்டுவந்த சில்லுக்கருப்பட்டி வாயில் கரைந்த பிறகுதான் பேச்சு வந்தது.

இதே மாதிரி ஒரு பெட்டியோடுதான் எங்கள் கித்தாத் தோட்டத்தில், இந்த ரப்பர் மரக் காட்டில், வந்து இறங்கினாய். வேதம் படிக்கிற கல்லூரியில் உங்களை ஒரு மாதம் வெளிநாட்டுச் சபைகளுக்கு ஊழியத்துக்கு அனுப்பினார்கள். கூட வந்தவர்களுக்குக் கோலாலம்பூர், பினாங்கு என்று விழுந்தது. உனக்கு விழுந்தது எங்கள் லயம், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள். பால் மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு ஜெப வீடு, அதற்கு நாங்கள் கொஞ்சம் குடும்பங்கள். நீ என்னை அண்ணாச்சி என்றாய். எங்கள் பக்கம் அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. வேலைக்காட்டில் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு, பால் வாளித் தோம்பு தூக்கும்போதெல்லாம் "அண்ணாச்சி, வழி விடுங்க" என்று என்னைக் கேலி செய்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் உன்னிடம் இருந்த ‘நீங்க’ சீக்கிரமே ‘நீ’ ஆகிவிட்டது.

வந்த அன்றைக்கே என்னிடம் சொன்னாய்: "இந்த ஒரு மாசத்துல தெரிஞ்சிரும் அண்ணாச்சி, நான் ஊழியத்துக்கு ஆளா இல்லையான்னு. இல்லன்னா அப்பா கூட பலசரக்குக் கடையில உக்காந்துர வேண்டியதுதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் கையில் இருந்த கோப்பி ஆறிப்போகும்வரை நீ அதைக் குடிக்கவில்லை.

முதல் ஞாயிறு உன்னை ஜெபிக்கச் சொன்னோம். நல்ல குரல் உனக்கு. நோயாளிகள், பிள்ளைகள், நாட்டை ஆளுகிறவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. கடைசியில் குரலை உயர்த்தி, "ஆண்டவரே, இந்த ஊருக்கு மழையைத் தாரும், குறைவில்லாத மழையைத் தாரும்" என்று கேட்டாய். உங்கள் உடன்குடியின் காய்ந்த செம்மண் தேரியில் கல்யாண வீட்டு ஜெபம்கூட மழை கேட்காமல் முடியாது என்று பிற்பாடு சொன்னாய். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மழை வந்தால் பால் வெட்டு இல்லை என்பதுதான். மரத்துப் பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. வைத்தாலும் மரத்தில் கட்டிய மங்கில் பாலோடு தண்ணீரும் சேர்ந்து வழிந்துவிடும். வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. வருசக் கடைசி மழை அது. அரை மாதமாக ஒழுங்காக ஒருவனும் காட்டுக்குப் போகவில்லை. ஜெப வீட்டில் இருந்த அத்தனை பேரும் மழை நிற்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்து உட்கார்ந்திருந்தோம்.

நீ ஜெபத்தை முடித்துவிட்டு நின்றாய். ஆமென் வரவில்லை. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு அந்தோணி இரண்டு கண்ணையும் திறந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு ஆமென் வந்தது. உன் மைனி.

வெளியே வந்ததும் அந்தோணி உன் தோளில் கையைப் போட்டான். "நாங்க எல்லாம் நிறுத்தச் சொல்லி மனு போட்டிருக்கோம் லா தம்பி. நீங்க நேரே மேலிடத்துக்குப் போயி கெடுத்துட்டீங்களே." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், விசயம் புரிந்ததும் உன் முகம் மாறிவிட்டது.

அந்த வாரம் முழுக்கக் கொட்டியது. நீ முன்னறையில் உட்கார்ந்து, விடியற்காலைப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போய்விட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் மைனி மரவள்ளிக் கிழங்கு அவித்து வைத்தால் தட்டை நகர்த்தி வைப்பாய். ஒருநாள் காலையில் பார்த்தால் உன் பெட்டி கட்டியிருந்தது.

"போயிருதேன் அண்ணாச்சி. உங்க சோத்துல மழையக் கொட்டிட்டேன். இருக்க இடம் தெரியாம ஜெபிக்கவன் எப்படி ஊழியம் பாக்க முடியும்? கடைதான் எனக்குச் சரி."

உன் மைனி கிழங்குச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"மழை உன் பேச்சக் கேட்டுத்தான் பெய்யுதுன்னு நெனச்சியா? நவம்பர் மாசம் வருசா வருசம் வருது. நீ இப்பத்தான வந்திருக்க."

நீ அவளை அண்ணாந்து பார்த்தாய். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் ஒன்றாக வந்தது உனக்கு. அப்புறம், எல்லோரும் சும்மா இருந்தபோது நீங்கள் மட்டும் ஏன் மைனி ஆமென் சொன்னீர்கள் என்று கேட்டாய். "வந்த பிள்ள வாயத் தொறந்து கேட்டுச்சு. ஆமென் சொல்ல ஆளில்லாம ஒரு ஜெபம் நிக்கலாமா?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நீ தட்டை இழுத்துக் கிழங்கைச் சாப்பிட்டாய்.

அன்று மத்தியானமே என் குடையை எடுத்துக்கொண்டு லயத்தில் வீடு வீடாக ஏறினாய். உபதேசம் பண்ண இல்லை. "உங்களுக்கு என்ன கேக்கட்டும்?" என்று மட்டும் கேட்டாய். சாமி படம் மாட்டிய வீடுகளையும் விடவில்லை. ஒரு கிழவிக்குக் காணாமல் போன ஆடு வேண்டும். ஒருத்திக்கு மாமியார் வாய் கொஞ்சம் அடங்க வேண்டும். அந்தோணி நிறைய நேரம் யோசித்தான். "மழையே வேணாம்னு கேட்டுறாதீங்க. மரத்துக்கும் தண்ணி வேணும்ல. பத்து மணிக்கு மேல பெய்யட்டும்னு கேளுங்க. அதுக்குள்ள நாங்க வெட்டி, பால் எடுத்துருவோம்."

நீ புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, ஒவ்வொருவர் கேட்டதையும் மறக்காமல் சொல்லி ஜெபித்தாய். மாமியார் விசயத்தை மட்டும் பேர் சொல்லாமல் கேட்டாய். கடைசியில், "ஆண்டவரே, மழையைத் தாரும். பத்து மணிக்கு மேல் தாரும்" என்றாய். நீ முடிக்கிறதுக்குள் வந்த ஆமெனில் தகரக் கூரை அதிர்ந்தது. அந்தோணியின் சத்தம்தான் பெரிசு.

மறுநாள் விடியற்காலையிலேயே மழை. அதற்கு அடுத்த நாள் வெயில். ஆடு மட்டும் வரவே இல்லை. ஆனால் உன்னை ஏற்றிப்போக லாரி வந்தபோது, ஏறி உட்கார்ந்துகொண்டு, "தெரிஞ்சிட்டு அண்ணாச்சி" என்றாய்.

அப்புறம் நீ சபை நடத்துகிற ஐயர் ஆனாய், பல ஊர் மாறினாய். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் போன் பண்ணுவாய். எடுத்ததும் முதல் கேள்வி, "அங்க மழ எப்படி?" தோட்டத்தில் பால் மரத்தை வெட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டபிறகும், நாங்கள் டவுனுக்கு வந்தபிறகும் அதே கேள்விதான்.

நேற்று உன் மகள் என்னிடம் ஒன்று கேட்டாள். உன் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன வயசு ஐயர் ஒருத்தர் ஜெபிக்க ஆரம்பித்தாராம். நீ கையைத் தூக்கி நிறுத்தி, "என்ன வேணும்னு கேட்டுட்டு ஜெபிங்க" என்றாயாம். "அப்பா ஏன் அப்படிச் சொன்னாங்க தாத்தா? அந்த ஐயருக்கு முகமே விழுந்துட்டு." நானும் உன் மைனியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் சொன்னோம்.

அந்த ஐயரிடம் நீ என்னதான் கேட்டாய் என்று அவளிடம் விசாரித்தேன். வலி இல்லாமல் ஒரு ராத்திரி தூங்க வேண்டும் என்று கேட்டாயாம். தூங்கினாயாம்.

அவள் கிளம்பும்போது, "உனக்கு என்னம்மா கேக்கட்டும்?" என்றேன். உன் பிள்ளை கொஞ்சமும் யோசிக்கவில்லை. "காஸ்வேல ஜாம் இருக்கக் கூடாது தாத்தா." அதையே கேட்டேன். நான் முடிக்குமுன் அடுப்படியிலிருந்து ஆமென் வந்தது. வீடு போய்ச் சேர்ந்து அவள் போன் பண்ணினாள்: நல்ல ஜாமாம்.

நீ வந்துபோனதிலிருந்து எனக்கும் அதே பழக்கம். காலையில் எழுந்து ஜெபிக்கும்போது, முந்தின நாள் யார் என்ன கேட்டார்களோ அதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன். எழுதி வைக்கத் தெரியாது. மனசில் நிற்கிறது. இன்று உன் பேரும் வாயில் வந்தது. போனவர்களுக்கு ஜெபிக்கிற வழக்கம் நம் சபையில் இல்லை. உன்னைக் கேட்கவும் வழியில்லை. அதனால் உனக்கு ஒன்றும் கேட்கவில்லை தம்பி. நீ கேட்கிற கேள்விக்குப் பதில் மட்டும் சொல்கிறேன்.

இங்கே இன்று நல்ல மழை. காலையெல்லாம் வானம் மூடியே இருந்தது, பத்து மணி தாண்டித்தான் ஆரம்பித்தது.