உங்கள் பங்கு மாத்திரை

மணிமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

செந்தாமரை எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நலம். புனே குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? பருப்புப் பொடி டப்பாவோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். பொடியை ரூம் பசங்களுக்குக் கொடுங்கள், கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். போனில் சொல்ல வாயெடுத்தால், "பசங்க கீறாங்க, அப்பால பேசு" என்று வைத்துவிடுகிறீர்கள்.

எனக்கு வெள்ளைப்படுதல் இருந்தது உங்களுக்குத் தெரியும். கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்று வேலை செய்கிற சூடு என்றே நினைத்தேன். எங்கள் லைனில் பாதிப் பெண்களின் தண்ணீர் பாட்டிலில் வெந்தயம் ஊறும். சூப்பர்வைசர் அதை உடம்பு இளைக்கிற வைத்தியம் என்று நினைத்துத் தன் மனைவிக்கும் சொல்லியிருக்கிறார். நானும் மாதக்கணக்கில் குடித்தேன். போன மாதம் அடிவயிற்று வலியில் லைனிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் வேலை செய்யும் மாரிசெல்விதான் வீடு வரை கொண்டுவந்து விட்டாள். மறுநாள் அத்தை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

அது சூடு இல்லை, மாமா. கணவன் மனைவிக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிற நோய். மருந்து சாப்பிட்டால் குணமாகும், அப்படியே விட்டால் குழந்தை நிற்பது கஷ்டமாகலாம் என்றார் டாக்டரம்மா. அங்கேயே அழுதுவிட்டேன். கோபமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். மற்ற ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகுதான் மூச்சு வந்தது. நோய் யாரால் வந்தது என்று டாக்டரம்மா கேட்கவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.

உங்கள் அம்மா என்ன சொல்வாரோ என்றுதான் பயந்தேன். பஸ் ஸ்டாப் வரை எனக்கு முன்னால் நடந்தார். அப்புறம் மெதுவாக, "எனுக்கும் ரொம்ப நாளா ஒரே அரிப்பா கீது. பொம்பளைன்னா அப்டித்தான்னு வுட்டுட்டேன். நானும் ஒரு தபா காட்டிக்கினு வந்துடட்டுமா" என்று கேட்டார். திரும்ப உள்ளே அழைத்துப்போனேன். அவருடையது வேறு தொந்தரவாம், அதற்கும் மருந்து கொடுத்தார்கள். அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் மாத்திரை விழுங்கினோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து நாங்கள் அவ்வளவு சிரித்ததில்லை.

எனக்கு மாத்திரை முடிந்தது, வலியும் இல்லை. ஆனால் நீங்கள் சாப்பிடாவிட்டால் எனக்குத் திரும்ப வந்துவிடும். உங்களுக்கு வெளியே எதுவும் தெரியாமலும் இருக்கலாமாம். அங்கேயும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்ப்பார்கள், யாரிடமும் சொல்ல மாட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மெடிக்கலில் எதையாவது வாங்கி விழுங்காதீர்கள்.

பொங்கலுக்கு வரும்போது மருந்தை முடித்துவிட்டு வாருங்கள். முடிக்காமல் வந்தாலும் சோறு உண்டு, ஆனால் உங்கள் பாய் அத்தை பக்கத்தில்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்றைக்குப் போன் செய்யுங்கள். பசங்க பக்கத்தில் இருந்தால், பொடி தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லுங்கள். எனக்குப் புரியும். நம் குழந்தைக்கு இப்போதே பெயர் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பொடி சீக்கிரம் தீர வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொள்ளும்,
உங்கள் செந்தாமரை