கிணற்றடித் தெருவில் யாரும் இல்லை

அக்டோபர் 14

மழைக்கால ஒத்திகை. மாநிலத்திலிருந்து மாவட்டத்துக்கு வந்து, அங்கிருந்து எங்கள் மண்டல அலுவலகத்துக்கு உத்தரவு இறங்குவதற்குள் மணி இரண்டு. தாழ்வான தெருக்களில் இருக்கும் நடக்க முடியாதவர்களை வீடு வீடாகப் பார்த்து, முகாமுக்கு அழைத்து வந்து, ஆப்பில் ‘வெளியேற்றப்பட்டார்’ என்று குறிக்க வேண்டும். ஐந்து மணிக்குள். இருபத்தேழு பேர். ஆள் நான் ஒருத்தி.

மேலாளர் தனக்கோடி சார் சிரித்தார். “ஒத்திகைதானேம்மா. போய்ப் பாக்கறதுக்கெல்லாம் இன்னா டைம் கீது? டிக் போட்டு வுடு.”

பதினொரு வீடு போனேன். கிணற்றடித் தெருவுக்குப் போகவில்லை. மீதிப் பதினாறு பேருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தே டிக் போட்டேன். எல்லாம் பச்சை. மாவட்டத்திலிருந்து பாராட்டு வேறு! எனக்கே சிரிப்பு வந்தது.

அக்டோபர் 15

ஒத்திகை டிக்கை எடுப்பது எப்படி? ஆப்பில் வழியே இல்லை. மாவட்டத்தில் கேட்டால், “அது ஸ்டேட்ல பண்ணணும் மேடம்.” ஸ்டேட்டில் கேட்டால், “லோக்கல் என்ட்ரிய நாங்க தொடறதில்ல.” நல்ல கூத்து.

நவம்பர் 9

இன்னும் பச்சைதான். இரண்டு மெயில் போட்டும் பதில் இல்லை. வீட்டுக்காரர் யாசீனிடம் புலம்பினால், “சாஜிதா, ஆபீஸ ஆபீஸ்லயே வெச்சிட்டு வா” என்கிறார். அந்தப் பதினாறு பெயரையும் தனியாக ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு.

நவம்பர் 26

மழை விடவே இல்லை. ஏரியில் உபரிநீர் திறக்கப் போகிறார்களாம். ‘ஆம்’ என்று ஒருவர், ‘இன்னும் முடிவாகவில்லை’ என்று இன்னொருவர்.

கோவளத்திலிருந்து லாரியில் ஐந்து படகுகள் வந்து இறங்கின. எந்தப் படகு எந்தத் தெருவுக்கு என்பதை ஆப்பைப் பார்த்து மாவட்டம் சொல்லும். டீசலும் சோறும் எங்கள் பொறுப்பு. படகுக்காரர் ஜெரோம் கேட்டார்: “எந்தப் பக்கம்க்கா போவணும்?” தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

தாள் எழுதவில்லை.

நவம்பர் 27

காலையில் படகுப் பட்டியல் வந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. வாசிக்காமல் அப்படியே படகுக்காரர்களுக்கு அனுப்பிவிட்டேன்.

மதியம் மூன்று மணிக்கு ஒரு பெண் பேசினாள். மாளவிகா, பல்லாவரத்தில் நர்ஸ். நைட் டியூட்டிக்குப் போனவள், வீடு திரும்ப முடியவில்லை. “எங்கப்பா பொன்னுரங்கம், ரெண்டு வருஷமா படுக்கைலதான் இருக்காரு மேடம். ஸ்டேட் நம்பர்ல கேட்டா, முகாமுக்குக் கூட்டிட்டுப் போயாச்சுன்னாங்க. காலைலேர்ந்து நாலு முகாம் தேடிட்டேன். எந்த முகாம்னு சொல்லுங்க மேடம்.”

தெரு எது என்று கேட்டேன். “கிணத்தடித் தெரு மேடம்.”

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கிணற்றடித் தெருவுக்குப் படகே இல்லை. அங்கே யாரும் இல்லையே! நான்தானே அனுப்பிவிட்டேன் எல்லாரையும்.

படகுகள் நிற்கும் இடத்துக்கு ஓடி, ஒரு படகை அங்கே திருப்பலாமா என்று சாரிடம் கேட்டேன். “போட்டு மாவட்டத்துது. நாம திருப்பினா நம்ம தலைதான் உருளும்” என்றார் சார். ஜெரோம் இடுப்பளவு தண்ணீரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “கையெழுத்த கரைக்கு வந்து வாங்கிக்கலாம். ஏறுக்கா.”

நவம்பர் 28

கட்டிலில்தான் இருந்தார். தண்ணீர் கட்டிலுக்கு மேலே இருந்தது.

யா அல்லாஹ்.

டிசம்பர் 4

மற்ற பதினைந்து பேரை அவரவர் வீட்டார் மாடிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். எங்கள் மண்டல அறிக்கை: உயிரிழப்பு இல்லை.

பிணவறைப் பட்டியலைப் பார்த்து மாவட்டம் கேட்கிறது: முகாமில் இருந்தவர் வீட்டில் எப்படி இறந்தார்? சார் பதிலைத் தயாராக அடித்து வைத்திருந்தார். ‘மேற்படி நபர் முகாமிலிருந்து தாமாகவே வெளியேறிவிட்டார்.’ கீழே என் பெயர்.

“நடக்க முடியாத மனுஷன் சார் அவரு! ஒரு டம்ளர் தண்ணிக்குக்கூட எழுந்திருக்க முடியாதவரு, எப்டி சார் வெளிய போவாரு?” கத்திவிட்டேன். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சார் கத்தவில்லை. “உனக்கு ரெண்டு புள்ளைங்க கீதும்மா” என்றார், மெதுவாக. அந்த மெதுவுக்குத்தான் பயந்தேன்.

டிசம்பர் 5

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. யாசீன் பேனாவைத் தேடிக் கொடுத்தார். காலையில் நானே எழுதினேன். ‘ஒத்திகை நாளில் நான் கிணற்றடித் தெருவுக்குப் போகவில்லை. பொன்னுரங்கம் எந்த முகாமுக்கும் அழைத்து வரப்படவில்லை. குறித்தது நான்.’ தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கினேன்.

நகலை எடுத்துக்கொண்டு மாளவிகா வீட்டுக்குப் போனேன். சுவரில் ஜன்னலுக்கு மேல் வரை சேற்றுக் கோடு. வாசலில் நின்றே வாசித்தாள்.

“நாலு முகாம்லயும் ஒவ்வொரு போர்வையா விலக்கிப் பாத்தேன்” என்றாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்காமலே திரும்பினேன்.

டிசம்பர் 19

திருத்திய அறிக்கை வந்தது. உயிரிழப்பு: ஒன்று. பொன்னுரங்கம், வயது 67. காரணம்: வெள்ளம்.

என்னுடைய இடைநீக்க உத்தரவும் அதே தபாலில் வந்திருந்தது. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.