பாட்டில் கழுத்தில் ஒரு விரிசல்

ஜூன் 4

அம்மாவின் தொழிற்சாலையில் மருந்து பாட்டில்களை முதலில் கேமரா சோதிக்கும். குறையுள்ளதைக் காற்றால் ஊதித் தள்ளிவிடும். அதற்குத் தப்பி வருவதை, வெளிச்சப் பலகை முன் உட்கார்ந்து அம்மா பொறுக்குவாள். "கேமரா இருக்கும்போது நீ எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"அதுக்குச் சந்தேகம் வராதுடி."

ஜூன் 9

கேமராவைக் கவனிப்பது என் சித்தப்பாதான். நல்ல பாட்டிலையும் தள்ளுகிறது என்று மேலதிகாரி சத்தம் போட்டதால் அதன் கூர்மையைக் குறைத்துவிட்டாராம். "ரொம்பத் துள்ளுச்சு, அடக்கி வெச்சேன்" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "அப்போ எல்லாம் என் தலையிலதான் விழும். பாட்டில் வர்ற பெல்ட் வேகத்தையாவது குறைங்க தம்பி."

குறைக்கவில்லை.

ஜூன் 17

கழுத்தில் விரிசலோடு ஒரு பாட்டில் வெளியே போய்விட்டது. அதைத் திறந்த நர்ஸின் விரல் கிழிந்துவிட்டதால் தையல் போட்டிருக்கிறார்கள். நாளை மறுநாள் விசாரணை.

ஜூன் 18

சித்தப்பா வந்தார். "அண்ணி, நான் குறைச்சது தெரிஞ்சா வேலையே போயிடும். உங்களுக்குக் கண்ணு மங்கலா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. மூக்குக்கண்ணாடி போடச் சொல்வாங்க, அவ்வளவுதான்."

அப்பா செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். "கூடப்பிறந்தவன்..." என்று தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு வார்த்தை. அதோடு சரி.

எனக்குப் பொறுக்கவில்லை. "எதிர்மாடியில காயுற சட்டையில பட்டன் இல்லைன்னு இங்கிருந்தே சொல்றவங்க, சித்தப்பா, எங்கம்மா!"

"ஏய் புத்தகப்புழு, உள்ள போ" என்றார் சித்தப்பா.

போனேன். ஏன் போனேன்?

ஜூன் 19

விசாரணையில் அம்மா அப்படியே சொல்லிவிட்டாளாம். ஏம்மா? ஏன்?

ஜூன் 24

கேமராவின் கூர்மை சத்தமில்லாமல் பழையபடி ஏறிவிட்டது. தொழிற்சாலையில் சாப்பாட்டு வேளையில், "பார்த்து அக்கா, டிபன் டப்பா இந்தப் பக்கம் இருக்கு" என்று அம்மாவைக் கேலி செய்கிறார்களாம். இதையும் சித்தப்பாதான் சொன்னார், ஏதோ நகைச்சுவை போல. அப்பாவும் சிரித்தார்.

ஜூன் 28

அம்மா மூக்குக்கண்ணாடியுடன் வந்தாள். அவள் முகம் கழுவப் போனபோது எடுத்து மாட்டிப் பார்த்தேன். என் பாடப்புத்தக எழுத்து பெரிதாகவுமில்லை, மங்கவுமில்லை. அப்படியே இருந்தது.

"கடைக்காரரும் கேட்டாரு," என்றாள் பின்னால் நின்று, "பவரே வேணாம், எதுக்கும்மான்னு. வேலைக்குன்னேன்."

பிறகு அதை வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்பினாள், பாட்டிலைத் திருப்புவது போல.

"இடது ஓரத்துல பொடியா ஒரு கொப்புளம். தெரியுதா?"

எனக்குத் தெரியவில்லை. முந்தானையால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.