பவித்ராவின் மஜ்ஜையும் நல்லி எலும்பு சூப்பும்

நவம்பர் 12, புதன்

காலையிலிருந்து மழை. 21G பஸ்ஸில் நின்றுகொண்டே ஆஸ்பத்திரி.

தங்கை தனத்தின் மகள் பவித்ராவுக்கு ரத்தப் புற்று. மருந்து ஏற்றி இன்று ஒன்பதாம் நாள். ரத்தத்தில் வெள்ளணு அடிமட்டம்; சின்னக் கிருமியையும் உடம்பு தாங்காது. வீட்டில் சுடச்சுடச் சமைத்தது மட்டும்; வெளிச் சாப்பாடு, பச்சையாக எதுவும் கூடாது என்றார் நர்ஸ்.

டாக்டரம்மாவிடம் அரை மணி நேரம் விவாதம். (ஐந்து நிமிடம்.) மஜ்ஜைக்குள் கொழுப்பிலிருந்து பிறக்கும் சின்னஞ்சிறு மூலக்கூறுகள் உண்டாம். ரத்த அணுக்களுக்கு அவைதான் தபால்காரர்: பெருகு, முதிர்ந்துகொள், வெளியே கிளம்பு. புற்றணு அந்தத் தபாலைப் பிடுங்கித் தான் பெருகுமாம்.

"இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு சார். அதுக்குன்னு சாப்பாட்ல எதுவும் மாத்தாதீங்க."

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு எல்லாம் உடனே விளங்கிற்று. நான் மருத்துவம் படித்தவனா என்று கேட்டார். கேட்கவில்லை, பார்வை அப்படி.

வாங்க: முகக்கவசம் 1 பெட்டி, பிளாஸ்க், நல்லி எலும்பு.

13, வியாழன்

தூறல். நல்லி எலும்பு: மஜ்ஜை, கொழுப்பு, இரண்டும் ஒரே இடத்தில். இந்த யோசனை எந்த டாக்டருக்கும் வராது.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. சாந்தோம் தள்ளுவண்டியில் சூப் வாங்கி எங்கள் டிபன் கேரியரில் ஊற்றிக்கொண்டேன். வண்டிக்காரர் மேலே பச்சைக் கொத்தமல்லி தூவினார்.

"இன்னா மாமா, வாசனை தூக்குது. அத்தை செஞ்சாங்களா?"

"அத்தையேதான். நாலு மணி நேரம் கொதிச்சுது."

பவி முழுசும் குடித்தாள். சிரித்தாள். தபால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று வார்டு முழுக்கச் சொன்னேன்.

15, சனி

வெயில். பவிக்கு ஜுரம் 103. வயிற்றுப்போக்கு, நடுக்கம்.

"வெளியில எதாவது வாங்கிக் குடுத்தீங்களா? தெரிஞ்சா மருந்து முடிவு பண்ண உதவும்" என்றார் டாக்டரம்மா.

தனம்: "சத்தியமா இல்லம்மா. கஞ்சி. எங்க அண்ணி வெச்ச சூப்பு. அவ்ளோதான்."

பவி என்னைப் பார்த்தாள். இல்லை, கண் மூடித்தான் கிடந்தாள். கல்யாண வீட்டில் வாய் ஓயாதவன் நான். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனேன்.

16, ஞாயிறு

மறுபடி மழை. தூக்கமில்லை. காலை ஆறரைக்கே போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். தள்ளுவண்டி. வியாழன் சாயங்காலம் ஐந்து மணி. பச்சை மல்லி. கொண்டுபோவதற்குள் ஆறிவிட்டது. எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். "நேத்தே சொல்லியிருக்கலாம் சார்."

ஏழு மணிக்குப் பவியை ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள்.

தனம் என் பின்னாலேயே நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். டிபன் கேரியரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"சூப்பு நல்லா இருந்துச்சுன்னு அண்ணிகிட்ட சொல்லிடுண்ணே."