தையல் அறைக் கூரையில் புதுத் தேனீ

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் இடது கை மட்டும் தேவைக்கு மேல் செழிப்பாக இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று, வேறு வழியில்லாமல், நம்புகிறேன். போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

வெளிநாட்டிலிருந்து ஒரு குண்டுத் தேனீ புதிதாக வந்திருக்கிறது, பழுப்பு முதுகு, வெள்ளை வால், உடம்பெல்லாம் முடி. போன வருஷம் துறைமுகத்துப் பக்கம் மட்டும் இருந்ததாம், இந்த வருஷம் ஊர் முழுக்கப் பரவி, ஒரு கூட்டம் நேராக என் தையல் அறைக் கூரைக்குள் குடிவந்துவிட்டது. குளிர் வராமலிருக்க உன் அப்பா என் வெட்டுத் துணியையெல்லாம் கூரைச் சந்தில் அடைத்தாரே, அதுதான் அதுகளுக்கு மெத்தை. முப்பது வருஷம் கண்டக்டர் இல்லாத பஸ் ஓட்டியவர் இல்லையா, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போ, உள்ளே போ, பின்னாலே இடம் காலியா இருக்கு என்று ஏற்றிக்கொண்டிருக்கிறார். எத்தனை போகிறது, எத்தனை வருகிறது என்று எண்ணி, இது எங்கெங்கே பரவுகிறது என்று ஆராய்கிறவர்களுக்கு வாராவாரம் எழுதிப் போடுகிறார். நம் தெருவில் இதை முதலில் பார்த்த ஆள் அவர்தானாம், அந்தப் பெருமை தாங்க முடியவில்லை. ரிட்டையரான பிறகு இவ்வளவு சிரித்த முகத்தோடு அவரை நான் பார்த்ததில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மெஷின் ஓடினால் கூரை அதிர்கிறது, அதிர்ந்தால் அதுகளுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு சட்டைக் காலர் முடிப்பதற்குள் இடது கையில் இரண்டு கொட்டு. ஐஸ் வை, அதுங்க ரொம்ப சாது என்றார் உன் அப்பா. மூச்சு அடைத்துப்போய் நான் தனியாக டாக்டரிடம் ஓடியது அவருக்குத் தெரியாது. இன்னொரு முறை கொட்டினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே வெளிச்சம் நன்றாயிருக்கிறது என்று பொய் சொல்லி மெஷினைச் சமையலறைக்கு மாற்றினேன், நேற்று அந்த ஜன்னலுக்கும் ஒன்று வந்தது, நான் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது மகளே. அப்பாவிடம் சொன்னால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுக் கூட்டை எடுத்துவிடுவார், அப்புறம் அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

கஷ்டமான சேதி என்றால் நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அப்பாவிடம் உன்னைத்தான் அனுப்புவேன், இதையும் நீயே சொல். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் சந்தோஷமாக இருக்க வேண்டும். மறக்காமல், அவர் போனை எடுத்ததும் அம்மா நல்லா இருக்காங்க என்பதை முதலில் சொல்லிவிடு, மற்றதெல்லாம் அப்புறம். என்னைவிட அவர்தான் அதிகம் பயப்படுவார்.

உன் அம்மா