மார்கழி அவரைக்காய்க்கு ஓர் இடம்

அனுப்புநர்:
கோ. ஜெயப்ரியா,
த/பெ. கோவிந்தப்பன்,
கிணற்றுத் தெரு, ஓசூர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
துணை இயக்குநர் அவர்கள்,
வேளாண் வணிகம்,
கிருஷ்ணகிரி.

பொருள்: ஓசூர் ஏரிக்கரை ஞாயிறு இயற்கைச் சந்தை – நாட்றாம்பாளையம் விவசாயி திருமதி சம்பங்கி அவர்களின் விற்பனை இடம் ரத்து – மீண்டும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஓசூரில் உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். நான் விவசாயி அல்ல. மேற்படி சந்தையில் காய் வாங்குகிறவள் மட்டுமே. எனக்கு நேரடியாக எந்தப் பாதிப்பும் இல்லாத ஒன்றுக்காக மனு எழுதுவது முறையா என்று சில நாள் யோசித்தேன். பாதிப்பு உண்டு என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

1. திருமதி சம்பங்கி, அவர் கணவர் திரு. கங்கப்பன் இருவரும் நாட்றாம்பாளையத்தில் காட்டோரமாக உள்ள சொந்த நிலத்தில் மழையை நம்பிப் பயிர் செய்கிறார்கள். கேழ்வரகுக்கு இடையே ஊடுபயிராக நாட்டு அவரை. மருந்து அடிப்பதில்லை. கார்த்திகைக் கடைசியில் காய் வரத் தொடங்கி, மார்கழியிலும் தையிலும் நிறைந்து, மாசியில் முடிந்துவிடும். அந்த மாதங்களில் ஞாயிறுதோறும் முதல் பேருந்தில் மூட்டையுடன் ஓசூர் வருவார். வழியில் யானை நின்ற வாரங்களில் மட்டும் வந்ததில்லை.

2. சென்ற ஐப்பசியில் சந்தைக் குழு அவருடைய இடத்தை ரத்து செய்தது. இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன. ஆண்டின் பெரும்பகுதி இடத்தைக் காலியாக வைத்திருந்தார் என்பது ஒன்று. வெளிச்சந்தைக் காயைக் கொண்டுவந்து விற்பனைக்கு வைத்தார் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டாவது நடந்ததற்குக் காரணமே முதலாவதுதான் என்பதை நேரில் பார்த்தவள் நான்.

3. இடம் இப்படியே காலியாகக் கிடந்தால் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாகச் சந்தை மேற்பார்வையாளர் ஆனி மாதத்தில் அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பயந்துபோன சம்பங்கி அக்கா, ஆடியில் ஒரு ஞாயிறு, ஆண்டு முழுதும் காய்க்கும் செடி அவரையை மண்டியில் வாங்கிவந்து தம் இடத்தில் பரப்பி உட்கார்ந்தார். ஆடியில் அவரையா என்று வியந்து நான் பையை நீட்டினேன். அவர் பையைத் தள்ளிவிட்டார்.

“இது நம்ம காட்டுக் காய் இல்ல கண்ணு. மண்டியில வாங்கியாந்தது. வாசம் இருக்காது. உனக்கு வேணாம்.”

எனக்கு மட்டுமல்ல, வந்த எல்லோருக்கும் இதையே சொன்னார். பின்னால் நின்ற மேற்பார்வையாளருக்கும் அது கேட்டது. உங்கள் சொந்தக் காய் எங்கே என்று அவர் கேட்டார். “பனி விழாம அவரைக்கு வாசம் ஏறாதுங்க சார். வாசம் ஏறாம நான் எதப் பறிக்கிறது?” என்றார் அக்கா. “அப்ப அந்தப் பனிகிட்டயே போய் எடம் கேளும்மா” என்றார் அவர். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அன்று ஒரு பிடி காய் கூட விற்கவில்லை. குற்றச்சாட்டு, அக்கா தாமே சொன்ன அந்த வார்த்தைகளிலிருந்துதான் எழுதப்பட்டது.

4. அதே சந்தையில் ஆண்டு முழுதும் தக்காளியும் முட்டைக்கோஸும் கிடைக்கின்றன. யார் மீதும் புகார் சொல்வது என் நோக்கமல்ல. அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை; அவர்களும் தாமாக எதுவும் சொன்னதில்லை. சொன்னவர் ஒருவரே.

5. இந்தப் பத்தி மனுவுக்குத் தேவையற்றது என்று தோன்றினால் தாங்கள் விட்டுவிடலாம். நான் வளர்ந்தது சிப்காட் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில். என் தந்தையார் அப்போது கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். மார்கழி வந்தால் வரிசை முழுக்க அவரை வாசம். முதல் நாள் இரவு ஊறவைத்த கொட்டைகளைக் காலையில் வாசலில் உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து பிதுக்குவோம். விரல் நுனியில் அழுத்தினால் தோலை விட்டு வழுக்கி வெளியே குதிக்கும். குழந்தைகளுக்கு அதுவே விளையாட்டு. என் தாயார் சரோஜம்மாள் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்துக் களி கிண்டுவார். அடுத்த வீட்டுச் சாந்தம்மா கன்னடத்தில் பேசிக்கொண்டே அதே பருப்பை அரிசி ரொட்டியில் தட்டுவார். கிண்ணங்கள் வீடு மாறிக்கொண்டே இருக்கும். அந்த வாரங்களில் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற எல்லோர் கையும் ஒரே மாதிரி மணக்கும், சோப்புப் போட்டாலும் போகாது என்று அப்பா சொல்வார். தை போனதும் அந்த வாசமும் போய்விடும். பிறகு யாரும் அதைக் கேட்டதில்லை. அடுத்த பனிக்கு வரும் என்று தெரியும்.

6. தாயார் காலமான பின் எங்கள் வீட்டில் அவரை வாங்குவதை நிறுத்திவிட்டோம். இரண்டு பேருக்காக யார் பிதுக்குவது என்று அப்பா சொல்லிவிட்டார். சில ஆண்டுகள் கழித்து இந்தச் சந்தையில் ஒரு மூட்டையைக் கடக்கும்போது அந்த வாசம் வந்தது. அப்படித்தான் சம்பங்கி அக்காவை அறிவேன். இப்போது மார்கழி ஞாயிறுகளில் அப்பாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பிதுக்குகிறோம். ஓய்வு பெற்றபின் அதிகம் பேசாதவர், அந்த நேரத்தில் மட்டும் அம்மாவைப் பற்றிப் பேசுகிறார். நான் மேலே குறிப்பிட்ட பாதிப்பு இதுவே.

7. பெரிய பாதிப்பு அவர்களுடையது. சென்ற வாரம் நாட்றாம்பாளையம் போயிருந்தேன். கொடியில் பூவும் பிஞ்சுமாக இருக்கிறது. இம்முறை விற்க இடமில்லை என்றால் அடுத்த பட்டத்தில் அவரை போடப் போவதில்லை என்று திரு. கங்கப்பன் சொன்னார், ஓசூரில் காவலாளி வேலைக்கு ஆள் கேட்கிறார்களாம். அவர்களிடம் இருப்பது கடையில் வாங்கிய விதை அல்ல. ஒவ்வோர் ஆண்டும் தம் கொடியிலிருந்தே எடுத்துச் சாம்பல் கலந்து பானையில் வைப்பது. ஒரு பட்டம் விதைக்காமல் விட்டால் வண்டு விழுந்துவிடும் என்றார். அதைச் சொல்லும்போது அக்கா அருகில் இல்லை. அவருக்கு இந்த முடிவு இன்னும் தெரியாது.

ஆகவே ஐயா அவர்கள், ரத்து உத்தரவை நீக்கி, மார்கழி பிறக்கும் முன் திருமதி சம்பங்கி அவர்களுக்கு அவருடைய பழைய இடத்தையே திருப்பித் தர ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். மானாவாரி விவசாயிகள் தம் காய் விளையும் மாதங்களில் மட்டும் வந்தால் போதும் என்று சந்தை விதியைத் திருத்தவும் வேண்டுகிறேன். மற்ற மாதங்களில் இடம் வெறுமையாகத் தெரிகிறது என்பதுதான் குறை என்றால், அங்கே ஒரு சிறு பலகை வைக்கலாம்: ‘அவரைக்காய் – மார்கழியில் வரும்.’ பலகைச் செலவை நான் ஏற்கிறேன். அதைப் படித்துவிட்டு வெறும் பையோடு வீட்டுக்குப் போக எனக்கும் என் தந்தையாருக்கும் வருத்தமில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோ. ஜெயப்ரியா

இடம்: ஓசூர்
நாள்: 24.11.2025